குளியலறையில் இழுத்த சிவப்புக் கோடு

நெய்யூர்,
திங்கட்கிழமை.

மரியாதைக்குரிய மருமகன் எபிசனுக்கு, மாமா செல்வதாஸ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் மாமியும் இங்கே சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி? போனில் சொன்னால் மாமி குறுக்கே பேசுவாள் என்பதால், அங்கே புறப்பட்டு வரும் மகள் ஜினிஷா கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது நீங்கள் தந்துபோன கறை நீக்கும் திரவத்தைப் பரிசோதித்துவிட்டேன். மாமா நல்லது என்று சொன்னால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, புதுக்கடை ஊரில் கடை பிடித்து அதையே விற்பேன் என்றீர்கள். உங்கள் குடும்பத்தின் பிழைப்பே என் வாயில் இருக்கும்போது ஏனோதானோ என்று இருக்க முடியுமா? பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்தவன் நான். முதலில் கறை வேண்டுமே, அதற்காகப் பத்து நாள் குளியலறையைக் கழுவக் கூடாது என்று மாமிக்குத் தடை போட்டேன். நம் போர் தண்ணீருக்குச் சொல்ல வேண்டுமா, தளம் முழுக்கக் காவி ஏறிவிட்டது. பிறகு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயிண்டால் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இடப்பக்கம் உங்கள் திரவத்தைத் தினமும் ஊற்றி, தேய்க்காமல் அலசுவது. வலப்பக்கம் வெறும் தண்ணீர். மாமி புகுந்து கெடுத்துவிடக் கூடாதே என்று இடப்பக்கச் சுவரில், ‘இது என் பகுதி. லீலாபாய் கை வைக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை நம் வீட்டில் ஜெபக்கூட்டம் என்பதை மறந்தேபோனேன். பாட்டு முடிந்ததும் போதகர் கைகால் கழுவப் போனார். வெகுநேரம் கழித்து வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. முழங்காலில் நின்று, “ஆண்டவரே, நடுவிலே கோடு விழுந்த இந்தக் குடும்பத்தை மறுபடியும் ஒன்றாக்கும்” என்று ஜெபித்தார். சபையார் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அடுத்த வீட்டுக் குளோரி, நம் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏட்டி லீலா, இவ்வளவு நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லேல்லியே” என்று அழுதாள். நான் பரிசோதனை என்று விளக்க விளக்க, எல்லாரும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கோட்டை அழிக்கவில்லை.

நேற்றோடு ஏழு நாள் முடிந்தது. சொல்ல மனம் வரவில்லை மருமகனே, இரண்டு பக்கமும் ஒரேபோல் பளபளக்கிறது. வெறும் தண்ணீர் செய்கிற வேலையைத்தான் உங்கள் திரவமும் செய்கிறது. கடை வேண்டாம். இருக்கிற வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

அன்புடன் மாமா,
செல்வதாஸ்

பி.கு.: கடித உறையை ஒட்டுமுன் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. “வலத்து பக்கம் தண்ணியிலயா வெளுத்துது? நேரம் வெளுக்கதுக்கு முன்ன எந்திச்சு, சோப்புப் பொடி போட்டு, தேங்காக் கதம்ப நாரால ஏழு நாளும் தேச்சது நானாக்கும். ஜெபத்துக்கு ஆளு வரும்போ பாத்ரூம் அப்படிக் கிடந்தா யாருக்குக் கொறச்சல்? கை வைக்காதன்னு நீங்க எழுதி ஒட்டினது இடத்து பக்கந்தானே” என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். உங்கள் திரவம் தேய்க்காமலே மாமிக்குச் சமமாக வேலை செய்கிறது. தைரியமாகக் கடை போடுங்கள். முதல் பெட்டி எனக்கு. ‘இனி குளியலறை முழுவதும் உங்கள் பகுதி’ என்று மாமி எழுதி ஒட்டிவிட்டாள், கழுவுவது நான்தான்.