பனிப்பாறையின் புருஷன்

வாசகரே, மழை வந்தால் குடையைத் தேடுகிற மனிதர்கள் உண்டு. மழைக்கு எந்தத் தூதரகம் நிதி தருகிறது என்று தேடுகிற மனிதர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். வெளிநாட்டுத் தூதரகங்கள் கலாச்சாரப் பரிமாற்றத்துக்கென்று ஒதுக்கி வைக்கும் சின்னச் சின்ன நிதிகளை மோப்பம் பிடித்தே காலம் தள்ளும் ஜீவன் இது. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். நமக்குப் பாலம் என்றால் ஆற்றைக் கடக்கிற சமாச்சாரம். இவர் வாயில் அந்தச் சொல் வந்தால் இரண்டு பக்கத்திலும் இரண்டு நாடுகள் நிற்கும்.

அப்படி ஒருவரை அவர் குடியிருக்கும் தெருவே 'பரிமாற்றம்' என்றுதான் அழைத்தது. அந்தச் சொல்லை முதல் தடவை கேட்ட பக்கத்து வீட்டுத் தையல்காரி, "யார் வீட்டு விசேஷத்துல அண்ணா பரிமாறப் போறீங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"கலாச்சாரத்தைப் பரிமாறப் போறேம்மா."

"அப்ப எனக்குக் கொஞ்சமா வைங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. உலகத்து நாடுகளின் தேசிய தினங்களையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார். தன் கல்யாண நாள் மட்டும் நினைவில் நிற்காது. குழந்தைகளுக்கு நிதி என்று ஒரு தூதரகம் அறிவித்தால், அவருடைய நாடகக் குழு குழந்தைகளுக்காகவே பிறந்தது. முதியோருக்கு என்று இன்னொன்று அறிவித்தால், அதே குழு மறுநாளே நரைத்துப் போய்க் கையில் கம்போடு நிற்கும். குழுவில் எத்தனை பேர் என்கிறீர்களா? அவருடைய மனைவியும் அந்தத் தையல்காரியும். இவர் இயக்குநர். ஒத்திகைக்குப் போகாத இயக்குநர்.

மனைவி ஒரு நாடகம் எழுதியிருந்தாள். அம்மா விட்டுப்போன தையல் மிஷினுக்காக அக்காவும் தங்கையும் அடித்துக்கொள்கிற கதை. கதையென்ன கதை, நடந்ததுதான். மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்த தங்கை அவளேதான். அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. அந்த அக்கா இப்போது மகனோடு இருக்கத் தூரத்து ஊருக்கு ஒரேயடியாகக் கிளம்புகிறாள். "மன்னிச்சுடுன்னு நேர்ல சொல்ல எனக்கு வாய் வரலைங்க. நாடகமாவாவது சொல்லிடறேன். ஒரு ஹால் மட்டும் பிடிச்சுக் கொடுங்க" என்று புருஷனிடம் கேட்டாள்.

ஹால் பிடிக்கப் போனவர் தூதரகத்தைப் பிடித்துவிட்டார்.

அது ஒரு குளிர்நாட்டுத் தூதரகம். அந்த வருஷம் அவர்களுடைய கவலையெல்லாம் உருகும் பனியைப் பற்றி. இவருக்குச் சொல்லவா வேண்டும்? கம்ப்யூட்டரில் நாடகச் சுருக்கத்தைத் திறந்தார். 'அக்கா' என்று வருகிற இடத்திலெல்லாம் 'பனிப்பாறை', 'தங்கை' என்று வருகிற இடத்திலெல்லாம் 'கடல்' என்று ஒரே தட்டில் மாற்றினார். ஒரு தடவைகூடப் படித்துப் பார்க்காமல் விண்ணப்பத்தோடு அனுப்பிவைத்தார். அதன்படி, பனிப்பாறை வாசலில் நின்று தலைவிரி கோலமாகக் கத்துகிறது. கடல் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சமாதானம் பேச வந்த பனிப்பாறை புருஷன் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறார்.

வேறு இடமாக இருந்தால் குப்பைக்குப் போயிருக்கும். இங்கே நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தூதரகத்தில் கலாச்சாரப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குக் கண்ணெல்லாம் பளபளத்தது.

"ரொம்பப் புதுசா இருக்கு சார். அந்தப் பனிப்பாறையோட புருஷன்... அது சூரியன்தானே?"

பரிமாற்றம் ஒரு நொடி திருதிருவென்று விழித்தார். "அதேதான் மேடம். நீங்க ஒருத்தர்தான் பிடிச்சீங்க."

"தையல் மிஷின்?"

"தொழிற்புரட்சி."

நிதி கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். மனைவி விண்ணப்பத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"என் அக்கா எங்கங்க?"

"உள்ளதான் இருக்காங்க. உருவகமா இருக்காங்க."

"அவ ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறா. பனிப்பாறையப் பாத்து அவளுக்கு என்ன புரியும்?"

"விண்ணப்பத்துல இருக்கறதத்தான் போடணும். சனிக்கிழமை சாயங்காலம், தூதரகத்து முற்றத்துல. கையெழுத்துப் போட்டாச்சு."

"நல்லதாப் போச்சு. நீங்க அங்க பனிப்பாறையப் போடுங்க. நான் இங்க என் அக்காவப் போடறேன்."

சொன்னபடியே நடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தையல்காரியின் மாடி அறையில், வெட்டிய துணிகளை மூலைக்குத் தள்ளிவிட்டு நாடகம் தொடங்கியது. தையல்காரி போய்க் கெஞ்சி அழைத்து வந்த அக்கா, நடுவிலேயே எழுந்து போக வசதியாகக் கதவோரம் உட்கார்ந்தாள். அதே நேரத்தில் தூதரகத்து முற்றத்தில் நம்மவர் தன்னந்தனியாக, வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பனிப்பாறையாக நின்றார், கடலாகப் புரண்டார், சூரியனாகக் கை விரித்தார், கடைசியில் மெல்ல மெல்ல உருகித் தரையில் படுத்தார். கைதட்டல் மரியாதையாக இருந்தது. இது உங்கள் மரபுக் கலையா என்று தூதர் கேட்டார். பல தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் உருகி வருகிறோம் என்றார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினால், கூடத்தில் அக்காவும் தங்கையும் மிஷினை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. சிரிப்பும் அடங்கவில்லை.

"எங்க போயிருந்தீங்க தம்பி?" என்றாள் அக்கா. "மிஷினத் திருப்பித் தர்ற கட்டத்துல நான் எழுந்து நடுவுல போய் இவளக் கட்டிப் பிடிச்சுட்டேன். நீங்க பாக்காமப் போயிட்டீங்களே!"

எந்தக் கேள்விக்கும் கைவசம் பதில் வைத்திருக்கும் மனிதர் அன்று போர்வையைக் கீழே போட்டுவிட்டு மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் வீட்டில் இப்படியொன்று நடந்திருக்கிறது, தான் மட்டும் அதைப் பார்க்கவில்லை என்று நிஜமாகவே துக்கப்பட்டார்.

"இன்னொரு தடவ போடுவியா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குங்க? யார் பாக்கணுமோ அவ பாத்துட்டா."

என்ன வாசகரே, சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது விசாரித்தால், பதில் சொல்வதற்கு முன்னால் கேட்டவர் யார், அவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று ஏற இறங்கப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், இன்று சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.