போர்வையாரும் ஏழு பாட்டில்களும்

வாழ்க்கையை எளிமையாக்கிக்கொள்வது என்று போர்வையார் தீர்மானித்த நாளிலிருந்து அந்த வீட்டில் கால் வைக்க இடமில்லை.

முதலில் கேமரா வந்தது. மரப்பெட்டி, துருத்தி, முக்காலி. ஃபிலிம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு தடவைக்கு ஒரு படம்தான். தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். நாற்பத்தொன்பது வயது மனிதர் நடுத்தெருவில் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால் தெரு சும்மா இருக்குமா? போர்வையார் என்று பெயர் வைத்தது. மரியாதைக்குக் குறைவில்லாமல் 'ஆர்' போட்டுத்தான் வைத்தது.

கேமரா வந்து எட்டு மாதம் ஆயிற்று. எடுத்த படங்கள் பூஜ்யம்.

காரணம் டெவலப்பர். எடுத்த ஃபிலிமை இருட்டில் ஒரு மருந்துத் தண்ணீரில் முக்கி, உருவத்தை வரவழைக்க வேண்டும். அந்த மருந்துதான் டெவலப்பர். உள்ளதிலேயே எளிமையான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க அதையே வைத்து ஓட்டிவிடலாம் என்பது அவர் கொள்கை. கொள்கைக்காக ஏழு வாங்கினார்.

"எளிமையா ஒன்னு போதும்னீங்க?" என்றாள் மனைவி.

"ஒன்னுதான்."

"இங்க ஏழு இருக்கு."

"அந்த ஒன்னு எதுன்னு தெரியணும்னா ஏழு வேணும்."

"அப்ப என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எத்தனை பேரைப் பாத்தீங்க?"

எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதுகிற போர்வையார் அதை எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டின் இரண்டாவது பாத்ரூம் இருட்டறையாயிற்று. ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை. கதவிடுக்குக்குப் பழைய சால்வை. சோப்பு இருந்த இடத்தில் தெர்மாமீட்டர். உட்கார்வதற்குச் சமையலறை ஸ்டூலைக் கொண்டுபோனார். மனைவி திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். சரி என்று, தண்ணீர் பிடித்து வைக்க அவள் மூலையில் போட்டிருந்த பெரிய வெள்ளைக் கேனை இழுத்து அதன்மேல் அமர்ந்தார். ஆராய்ச்சி அங்கேதான் நடந்தது. முதல் பாட்டிலுக்குத் தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும், ஆனால் படம் மணல் மணலாக வருமாம். இரண்டாவது வழவழவென்று வரும், ஆனால் வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஆறவிட வேண்டும். மூன்றாவதை இரண்டு தட்டில் ஊற்றி ஃபிலிமை மாற்றி மாற்றி முக்க வேண்டும். நான்காவது கையில் பட்டால் கறை. இப்படி ஒவ்வொன்றிலும் ஒரு 'ஆனால்' இருந்தது. எட்டு மாதம் அந்த 'ஆனால்'களோடு குடித்தனம் நடத்தினார்.

ஏழாவதில்தான் வினை வந்தது. வாங்கிய மருந்து கெட்டுப்போனதால் கொட்டி, பாட்டிலைக் கழுவி வைத்திருந்தார். காபித்தூளும் சலவை சோடாவும் கலந்தால் அதுவே டெவலப்பர் என்று எங்கோ படித்தார். இதைவிட எளிமை உண்டா? திங்கட்கிழமை காலை சமையலறை டப்பா காலி.

"காபித்தூள் எங்க?"

"டெவலப்பர்ல."

"எனக்குக் காபி?"

"கலக்கினது ஒரு லிட்டர் இருக்கு. ஆனா சோடா போட்டுட்டேனே."

காபி கிடைக்காத மனைவி வாசற்படியில் கைப்பையோடு நின்றாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. பழைய மருத்துவமனை, இன்னும் ஃபிலிமைத் தொட்டியில் முக்கித்தான் எடுத்தார்கள்.

"பதினெட்டு வருஷமா நான் ஃபிலிம் கழுவுறேன். ஒருநாளாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது எலும்பும்மா. இது கலை."

"கலைக்கு எலும்பு வேண்டாமா? எங்க ரூம்ல மூலையில பேரும் வயசும் அடிக்காம ஒரு ஃபிலிம் தண்ணிக்குள்ள இறங்காது. உங்க ரூம்ல ஃபிலிமே இறங்கல. பாட்டில்தான் இறங்குது."

"அவசரப்பட்டா கலை வராது."

"அம்மா வருவாங்க. சனிக்கிழமை. மூணு மாசம் இருப்பாங்க. மூணு பேருக்கு ஒரு பாத்ரூம் பத்தாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க கையால கழுவின படம் ஒன்னே ஒன்னு காட்டுங்க. காட்டிட்டா அந்த பாத்ரூம் ஆயுசுக்கும் உங்களுது. நானும் அம்மாவும் ஒன்னை வெச்சு ஒப்பேத்திக்கறோம். இல்லைனா ஏழு பாட்டிலும் வெளிய."

"இதெல்லாம் ஒரு சவாலா?" என்று சிரித்தார் போர்வையார். அவள் போனதும் சிரிப்பை நிறுத்தினார்.

செவ்வாய்க்கிழமை மாலை மனைவியையே கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து இரண்டு ஃபிலிம் எடுத்தார். "ஆடாதே" என்றார். "நான் எங்க ஆடறேன்? துணிக்குள்ளேருந்து நீங்கதான் ஆடறீங்க" என்றாள். படம் எடுத்தாயிற்று. எட்டு மாதத்தில் இதுவே சாதனை.

புதன்கிழமை இருட்டறைக்குள் போனார். முதல் பாட்டிலா, இரண்டாவதா? கடைசி நிமிடம் வரை முடிவுக்கு வர முடியவில்லை. யார் மனமும் புண்படக் கூடாது என்று இரண்டிலும் பாதிப் பாதி ஊற்றினார். ஃபிலிம் வெளியே வந்தபோது ஒரு மருவில்லாமல், சுத்தமாக, ஜன்னலுக்குப் போடலாம்போல் இருந்தது. மனைவி இருந்த சுவடே இல்லை. ஒரு கணம் அதுவும் நன்றாகத்தான் இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மிச்சம் ஒரு ஃபிலிம். போர்வையாரின் மூளை வேலை செய்தது. எப்போதாவது செய்யும், விளைவு எப்போதும் இப்படித்தான்.

வியாழக்கிழமை அந்த ஃபிலிமை ஒளி புகாத உறையில் போட்டு, கடைத்தெருவில் இருந்த போட்டோக்காரரிடம் கொண்டுபோனார்.

"இவ்வளவு பெரிய ஃபிலிம் நான் கழுவறதில்லை சார். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காங்க. குடுத்துக் கழுவி வாங்கித் தர்றேன்."

"நல்லாச் செய்வாரா?"

"கை வெச்சா தப்பாது."

"எந்த டெவலப்பர்?"

"அதெல்லாம் யார் சார் கேட்டாங்க? இத்தனை வருஷமா ஒரே மருந்துதான்."

பாவம், ஆராய்ச்சி மனப்பான்மை இல்லாத ஆள் போலிருக்கிறது என்று போர்வையார் பரிதாபப்பட்டார். "என் பேர் வெளிய வரக் கூடாது" என்றார்.

"சொல்லமாட்டேன் சார்" என்றார் கடைக்காரர். சொல்லவுமில்லை. அந்த வட்டாரத்திலேயே அந்த அளவு ஃபிலிம் வைத்திருந்தது ஒரே மனிதர்தான் என்பதால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

சனிக்கிழமை காலை மாமியார் இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். மாலையில் ஃபிலிம் வந்தது. கடை வாசலிலேயே விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மனைவியின் முகம் நெகட்டிவில் ஒவ்வொரு மயிரிழையும் தெரியச் சுத்தமாக இருந்தது. கீழ் மூலையில் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். கிளிப்பு பிடித்த தடமாக இருக்கும் என்று நினைத்தார். படிக்கும் கண்ணாடி போட்டிருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார். ஆனால் கண்ணாடி கிழவர்களுக்கானது என்பதும் அவர் கொள்கைகளில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழா. மனைவியும் மாமியாரும் இருட்டறைக்கு அழைக்கப்பட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மாமியார் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"நீங்க கழுவினதா மாப்பிள்ளை?"

"என் கையாலேயே அத்தை. எட்டு மாச உழைப்பு."

"எந்த பாட்டில்ல?" என்றாள் மனைவி, ரொம்பப் பணிவாக.

"அது தொழில் ரகசியம்."

நெகட்டிவைக் காகிதத்தின்மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, வெள்ளை விளக்கை மூன்று எண்ணும்வரை போட்டு அணைத்தார். காகிதத்தைத் தட்டில் நழுவவிட்டார். காகிதத்துக்கான மருந்து தனி. அதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை, கடையில் ஒன்றுதான் இருந்தது.

"இப்பப் பாருங்க அத்தை, வரும்."

வந்தது. முதலில் திரையின் கறுப்பு வந்தது. பிறகு தலைமுடி, புருவம், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. கீழ் மூலையில் மட்டும் ஒரு கட்டம் வெள்ளையாகவே நின்றது. அதற்குள் எறும்பு வரிசைபோல் என்னவோ ஊர்ந்து வந்தது.

"என்னமோ எழுதியிருக்கே மாப்பிள்ளை" என்று மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிறுத்தி நிதானமாக, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எக்ஸ்ரே பிரிவு. நோயாளி, போர்வையார். வயது நாற்பத்தொன்பது. பகுதி, தலை. உள்ளே ஒன்றும் தென்படவில்லை."

தட்டில் மருந்து மெல்ல அலையடித்தது. போர்வையார் பின்னால் இருந்த கேன்மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீ... நீயா கழுவினே?"

"பேர் அடிக்காம நான் எதையும் கழுவ மாட்டேன்னு திங்கக்கிழமையே சொன்னேன்ல? வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வழக்கமான நேரத்துல பாதிதான் முக்கினேன். எலும்பு இல்லை பாருங்க, கலை."

மாமியார் அதற்குள் தெர்மாமீட்டரை எடுத்து வைத்துவிட்டுச் சோப்பை அதன் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

பாத்ரூம் போயிற்று. மானம் போயிற்று. ஆனாலும் போர்வையார் ஆராய்ச்சியாளர். தட்டில் கிடந்த முகத்தை மறுபடி பார்த்தார். மணல் இல்லை, கறை இல்லை, அவர் எட்டு மாதமாகக் குறிப்பேட்டில் மட்டும் பார்த்த படம். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த டெவலப்பர்... பேர் என்ன?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றாள் மனைவி, விளக்கைப் போட்டுக்கொண்டே. "கேன்ல வரும், தண்ணி கலந்து ஊத்துவோம். காலிக் கேன் ஒன்னு வீட்டுக்குக்கூட கொண்டுவந்தேனே. எட்டு மாசமா அதுமேலதான உக்காந்திருக்கீங்க."