குத்பாவில் கூவிய சேவல்

எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்பது, எண்ணிக்கொண்டே திரிகிறவர்கள் மட்டும் நம்புகிற விஷயம். நானும் நெடுங்காலம் நம்பினேன். பள்ளிவாசலுக்குப் போனால் மின்விசிறிகளை எண்ணுவேன். கல்யாண வீட்டுக்குப் போனால் சோற்றுச் சஹன் தட்டுகளை எண்ணுவேன் (சாப்பிட்டு முடித்த பிறகுதான்). பஸ்ஸில் ஏறுமுன் சக்கரங்களை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது? "இந்த மனிசன் மௌத்தானாலும் சந்தூக்கத் தூக்கிறவங்கள எண்ணிப்போட்டுத்தான் கபுறுக்குப் போகும்" என்பது என் மனைவி எனக்கு வழங்கிய நற்சான்றிதழ்.

பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொந்தமாகக் கைத்தொலைபேசி தேவையா என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால், உடனே எல்லோரும் என் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்கள். என்னிடம் அதற்கு நல்ல பதில் இருக்கிறது. சொல்ல விடுவதில்லை. காரணம் ஒரு வெள்ளிக்கிழமை.

சுனாமி வந்துபோய், யுத்தம் இன்னும் முடியாதிருந்த காலம். கல்முனைக்குத் தெற்கே எங்கள் கரையோர ஊர்ப் பாடசாலையில் நான் கணித ஆசிரியன். அதோடு பிரதி அதிபர். கைத்தொலைபேசிகள் அப்போதுதான் பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்குள் நுழையத் தொடங்கியிருந்தன. பெற்றார் கூட்டத்தில் நான் எழுந்து, போன் கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் சொல்வதாக அறிவித்தேன். முதலாவது, படிப்பு கெடும். இரண்டாவது, சோதனைச் சாவடியில் வீண் விசாரணை வரும். மூன்றாவது மறந்துபோயிற்று. மூன்று என்று அறிவித்துவிட்டதால் படிப்பு கெடும் என்பதையே இன்னும் உரத்த குரலில் சொல்லி உட்கார்ந்தேன். நல்ல கைதட்டல்.

அடுத்த வாரமே, ஒரு வியாழக்கிழமை, ஒன்பதாம் வகுப்பு றிஸ்னா நூலக அறையின் மூலையில் ஒரு சீனப் போனுடன் பிடிபட்டாள். ஒல்லியான, அதிகம் பேசாத பிள்ளை.

"என்ன இது?"

"போன் சேர்."

"போனெண்டு எனக்குத் தெரியாதா? ஆருட?"

"என்ட சேர். நாளைக்கு மட்டும் வேணும் சேர். ஞாயிற்றுக்கிழம நானே கொண்டந்து தாறன் சேர்."

பறிமுதல் செய்த பொருளுக்குத் தவணை கேட்கிற முதல் ஆளை அன்றுதான் கண்டேன். "ஒரு பேச்சும் வேணாம். ஞாயிற்றுக்கிழம உங்கட உம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்கட கையில குடுக்கன்" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போய்விட்டாள். அதை நான் பயபக்தி என்று எண்ணினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவலை பிடித்தது. பிறர் பொருள் நம் கையில் இருந்தால் அது அமானிதம். அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். பாடசாலை மேசை லாச்சிக்குப் பூட்டில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டு அலுமாரியில் எலி. தலையணைக்கடியில் வைத்தால் வெடிக்குமாம் (யாரோ சொன்னது). நிறுத்தி வைக்கலாமென்றால் எந்தப் பொத்தான் என்று தெரியாது. தெரியாத பொத்தானை அமுக்கி அமானிதத்தைக் கெடுத்துவிட்டால்? எங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. ஆக, ஞாயிறு வரைக்கும் அதை என் உடம்பிலேயே வைத்திருப்பது என்று முடிவு செய்து, மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"அதயும் தொழக் கூட்டிக்கிட்டுப் போறிங்களா?" என்றாள் மனைவி.

இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. மிம்பர் மேடையில் நின்று மௌலவி குத்பாப் பிரசங்கம் ஓதிக்கொண்டிருந்தார். (சிறுவயதில் என்னிடம் பின்னக் கணக்குக்குக் குட்டு வாங்கியவர். பின்னம் கடைசி வரை வரவில்லை.) நான் மின்விசிறிகளை எண்ணி முடித்துத் தூண்களுக்கு வந்திருந்தேன். அப்போது பள்ளிவாசலுக்குள் ஒரு சேவல் கூவியது.

சாதாரணச் சேவலல்ல. சீனாவில் செய்த சேவல். தூண்கள் அதிர்ந்தன.

சேவல் கூவினால் அது வானவராகிய மலக்கைக் கண்டு கூவுகிறது, அந்நேரம் துஆச் செய்து அல்லாஹ்விடம் அருளைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் உடனே கையேந்திவிட்டார். மற்றவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். யாருடைய கோழியோ, வளர்க்கத் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் கண்டித்தேன். இரண்டாவது தரம் கூவியபோது என் நெஞ்சு நடுங்கியது. மூன்றாவது தரத்தில்தான், நடுங்குவது நெஞ்சல்ல, பை என்று விளங்கியது.

இப்போது என் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குத்பா நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. பேசுகிறவனைப் பார்த்துச் "சும்மா இரு" என்று சொல்வதுகூடக் கூடாது. இதை எப்படி நிறுத்துவது என்று நான் யாரிடமும் கேட்க முடியாது. தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லவும் முடியாது. அத்தனை கண்களும் என்னைச் சுட்டன; ஒரு வாயும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஆணிக்கடைக்காரர் கட்டை விரலைக் காற்றில் அமுக்கி அமுக்கிக் காட்டினார். நானும் அமுக்கினேன். ஒன்றை அல்ல, இருந்த எல்லாவற்றையும்.

சேவல் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன். அடுத்த கணம், பள்ளிவாசல் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண்ணின் குரல்:

"மகள்! ஏன்கா எடுக்கல்ல? எத்தின தரம் கோல் அடிச்சன்! மகள்? என்ன சத்தமில்ல? கடல் வந்திட்டா மகள்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த இளைஞர்களின் முகங்கள் மாறிவிட்டன. அந்தப் பள்ளிவாசலில் கடலுக்கு ஆள் கொடுக்காத வீட்டார் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ண எனக்குக்கூடத் தைரியம் வரவில்லை.

குத்பாவில் பேசக்கூடியவர் ஒருவர்தான். மிம்பரில் நிற்பவர். அவர் கேட்டால் கேட்கப்பட்டவர் பதில் சொல்லலாம். மௌலவி ஓதலை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சேர், அந்தத் தாய்க்குப் பதில் சொல்லுங்க. கடல் வரல்லெண்டு சொல்லிப்போட்டு, வெளிய போய்க் கதைங்க" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து ஓதினார். என்னிடம் குட்டு வாங்கிய தலை அது. அதற்குள் இவ்வளவு இருந்ததை எண்ணுகிறபோது அன்றும் இன்றும் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறேன்.

"கடல் வரல்ல!" என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டு, தோள்களைத் தாண்டி வெளியே பாய்ந்தேன்.

"ஆரு கதைக்கிற? ஆம்புளக் குரல்! எங்கட புள்ள எங்க?"

"நான் பாடசாலைப் பிரதி அதிபர்."

"யா அல்லாஹ்! ஸ்கூலுக்கு என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல. போன நான்தான் பறிச்ச. நீங்க ஏன் ஞாயிற்றுக்கிழம ஸ்கூலுக்கு வந்து..."

"நான் சவூதியில வீட்டு வேலையில இரிக்கன் சேர்!" என்றது குரல். "மெடம் ஆக்கள் வெள்ளிக்கிழம எழும்பச் சுணங்கும். அதுக்குள்ளதான் கதைப்பன். புள்ளட வாப்பாவயும் சின்னவனயும் கடல் கொண்டுபோன. இவள் ஒருத்திதான். அவள்ட சத்தத்தக் கேக்காட்டி எனக்கு இன்னொரு கிழமை போகாது சேர். மெடம் எழும்பப் போறா."

நான் யாரை அழைத்து வரச் சொன்னேனோ, அவர் வந்துவிட்டார். பாடசாலைக்கல்ல, ஜும்ஆவுக்கு.

பிள்ளை இருந்தது பெரிய தெருவுக்கு மேற்கே, வயல் ஓரத்துச் சுனாமி வீட்டுத் திட்டத்தில், சின்னம்மாவான சாச்சியின் வீட்டில். செருப்பைத் தேட நேரமில்லை. ஓடினேன். போனை எந்தப் பக்கம் சரித்தால் தொடர்பு அறுந்துபோகுமோ என்ற பயத்தில், கொதிக்கிற கறிச்சட்டியைப் போல இரு கைகளாலும் முன்னால் ஏந்திக்கொண்டு ஓடினேன். கட்டியிருந்த சாரனைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை, முழங்கைகளால் சமாளித்தேன்.

எனக்குத் தோன்றாத ஒன்று உண்டு. ஜும்ஆ நேரத்தில், தொழுகையைப் போட்டுவிட்டு, வெறுங்காலுடன், கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஒரு பிரதி அதிபர் ஓடினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்.

"கடல் வருகுதுகா! சேரே ஓடுறார்!"

ஒரு வாசலில் கேட்ட கூச்சல் தெரு முழுவதும் பற்றிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் குழந்தைகள், கையில் அகப்பை, பெண்கள் எனக்குப் பின்னால் ஓடி வருகிறார்கள். பழக்கதோஷம், ஓடிக்கொண்டே எண்ணினேன். பதினேழு பேர், இரண்டு ஆடு. எல்லாவற்றையும் போன் கேட்டுக்கொண்டிருந்தது. "கடல் வருகுதாமே! சேர், என்ட புள்ள! என்ட புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடுங்க சேர்!" என்று அது அலறியது.

தெரு நடுவில் நின்றேன். போனை உயர்த்திப் பிடித்து, என் இருபத்தெட்டு வருட வகுப்பறைக் குரலையெல்லாம் திரட்டிக் கத்தினேன்:

"கடல் வரல்ல! கோல் வந்திருக்கு!"

கூட்டம் நின்றது. ஆடுகள் மட்டும் நிற்கவில்லை. அகப்பையோடு நின்ற பெண், "எந்தக் கோலுக்கு இந்த ஓட்டம்?" என்று கேட்டாள். போன் அழுதுகொண்டே பதில் சொன்னது: "றிஸ்னாட உம்மா கதைக்கன், புள்ளயக் கூப்பிடுங்கம்மா!" அந்தக் கேள்வி கேட்டவளே அகப்பையை எறிந்துவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். அவளுடைய கால்களுக்கு என்னுடையவை ஈடாகுமா?

நான் போய்ச் சேருமுன் றிஸ்னா வேலிக் கடப்படிக்கு வந்துவிட்டாள். போனை என் கையிலிருந்து எடுத்தாள். ஒரே ஒரு பொத்தானை அமுக்கினாள். ஊருக்குக் கேட்ட குரல் அவளுக்கு மட்டும் கேட்கத் தொடங்கியது.

"உம்மா... நான் இரிக்கன் உம்மா. கடலும் இரிக்கி, அதுட இடத்தில" என்றாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு வேலியைப் பிடித்து நின்றோம். அவள் பேசி முடிக்கும் வரை பதினேழு பேரில் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. என்னை ஒருத்தி ஏசவும் இல்லை. ஏசியிருக்கலாம், அடுப்பில் வைத்தது எல்லோருக்கும் கருகியிருந்தது. ஒரு செம்பு தண்ணீர்தான் தந்தார்கள்.

"ஸ்கூலுக்கு ஏன் புள்ள கொண்டுவந்த?" என்று பிறகு கேட்டேன்.

"இஞ்ச இன்னும் கரண்ட் தரல்ல சேர். வியாழக்கிழம நூலகத்துப் பிளக்கில சார்ஜ் போட்டாத்தான் வெள்ளிக்கிழமைக்கு இரிக்கும்."

வரவு எடுக்கும்போது அந்தத் தலையை எத்தனையோ நாள் எண்ணியிருக்கிறேன். ஒன்று என்று மட்டுமே எண்ணியிருக்கிறேன்.

ஜும்ஆ தவறிப்போனதால் இரண்டு ரக்அத்துக்குப் பதிலாக நாலு தொழுதேன். மனைவி கதவருகே நின்று, "ஒண்டு, ரெண்டு..." என்று சத்தமாக எண்ணினாள்.

அடுத்த வியாழன் முதல் றிஸ்னாவின் போன் என் மேசைப் பிளக்கில் சார்ஜ் ஏறியது. (வேறு நாலு பிள்ளைகளின் தாய்மாரும் வெளிநாட்டில் என்று அதன் பிறகு தெரிந்துகொண்டேன். பிளக்கைப் பெருக்க வேண்டியதாயிற்று.) யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, றிஸ்னா ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தாள். அந்தப் பெண் ஒரு பை பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"என்னக் கூட்டி வரச் சொன்னீங்களாமே சேர். வரக் கொஞ்சம் சுணங்கிட்டு."

பாடசாலைப் பிள்ளைக்குச் சொந்தமாகப் போன் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் பறிக்குமுன், மறுமுனையில் யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதுதான் என் பதில். இதைத்தான் வீட்டில் சொல்ல விடுவதில்லை.

இப்போது என்னிடமும் ஒரு போன் இருக்கிறது. அதில் அந்தச் சேவலையே ஏற்றித் தந்தது றிஸ்னாதான். அது கூவினால் அடுப்படியிலிருந்து முற்றம் வரை என் குடும்பமே ஒரே குரலில், "கடல் வரல்ல, கோல் வந்திருக்கு!" என்று கத்துகிறது. நான் முதலில் கையேந்திவிடுவேன். புதிதாகக் கேட்க ஒன்றும் இல்லை, தந்தவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி முடிவதில்லை. அதற்குள் மனைவியின் குரல் வரும்:

"துஆவப் பொறகு கேளுங்க மனிசா. முதல்ல போன எடுங்க. ஆருட புள்ளயோ!"