முந்நூறு மீட்டர் வரை தண்ணீர் புகாது

எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்ட நான், முந்நூறு மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் நிற்காமல் ஓடும் ஒரு கைக்கடிகாரத்தை வாங்கியே தீருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் முடிவெடுத்தேன். இடைவேளை முடிவதற்குள் நிறைவேற்றியும் விட்டேன்.

புதிதாக வாங்க இந்தப் பிறவி போதாது. இது ஒருவர் கட்டிக் கழற்றியது. விலை உயர்ந்த சாதனங்களைக் கைமாற்றி விற்கும் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீல முகத்தோடு அது என்னைப் பார்த்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படிக் கை வியர்க்கவில்லை.

"முன்னாடி யார் கட்டியிருந்தது?" என்றேன்.

"ஒரு பல் டாக்டர், சார்."

"கடல்ல இறங்குறவரா?"

"வாய் கொப்பளிக்கிற தண்ணிகூட இதுமேல பட்டதில்ல. அவ்வளவு பத்திரமா வச்சிருந்தார்" என்றார் கடைக்காரர்.

முகத்தைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. திருப்பினால் 'கிர், கிர்' என்று ஒரு பக்கமாக மட்டும் போகும். முக்குளிப்பவர் தண்ணீருக்குள் எத்தனை நிமிஷம் இருந்தார் என்று அதில் பார்த்துக்கொள்ளலாமாம். தவறுதலாக இடித்துத் திரும்பினாலும், மீதி நேரம் குறைவாக இருக்கிறது என்றுதான் காட்டும். மனிதன் முன்னதாகவே மேலே வந்துவிடுவான். என் உயிரைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டிய பொருள் அதுவரை என் வாழ்க்கையில் வந்ததில்லை.

"பேட்டரி கிடையாது, சார். உங்க கை அசையற அசைவுல உள்ள ஒரு சக்கரம் சுத்தி, அதுவே தனக்குச் சாவி குடுத்துக்கும்" என்ற கடைக்காரர், பெருமையாகச் சேர்த்துக்கொண்டார்: "பிடிக்கலன்னா தொண்ணூறு நாளைக்குள்ள எப்ப வேணா கொண்டு வாங்க. கேள்வியே கேக்காம முழுப் பணமும் திருப்பித் தருவோம்."

எனக்குப் பகீரென்றது.

"அதைக் கொஞ்சம் குறைச்சுக்க முடியுமா?"

"விலையையா சார்?"

"இல்ல, நாளை. ஒரு நாள் போதாதா?"

"சார், இது உங்க நன்மைக்குத்தான்."

"இல்லைங்க. எனக்கு அந்த வசதி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேனே."

இருபது வருஷத் தொழிலில் அவர் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை என்பது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய விதத்தில் தெரிந்தது. அவருக்கு என் வீட்டுச் சட்டம் தெரியாது.

என் மனைவி எலும்பு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஒடிந்து கூடிய கைகால்களை மறுபடி வேலைக்கு வைப்பது அவள் தொழில். நோயாளிகள் வலியில் அழுவார்கள். அவள் மலர்ந்த முகத்தோடு, "இன்னும் பத்து தடவை" என்பாள். வீட்டில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: சொல்லாமல் வாங்கினால் திரும்பப் போகும். எதிர்க் கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் தெளிவாகக் காட்டிய என் தொலைநோக்கி ஆறாம் நாள் திரும்பிப் போயிற்று. உட்கார்ந்த இடத்தில் படகு வலிக்கும் இயந்திரம், அதன்மேல் துண்டு காயப்போட்டதைத் தவிர வேறொரு பயனும் காணாமல், ஒன்பதாம் நாள் போயிற்று. இரண்டு முறையும் அவளே வண்டி பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஆக, என் திட்டம் எளிமையானது. தொண்ணூறு நாள் மறைக்க வேண்டும். தொண்ணூற்றொன்றாம் நாள் சட்டைக் கையை மடித்துவிட்டு அவள் முன்னால் நிற்க வேண்டும்.

"சார், இதோட இலவசமா ஒண்ணு தருவோம், இப்ப கையிருப்பு இல்ல..." என்று கடைக்காரர் ஆரம்பித்தார்.

"எதுவும் வேண்டாம்" என்று நான் படியிறங்கிவிட்டேன். மறைப்பதற்கு ஒன்றே போதும்.

அன்று சாயங்காலம் அதை என் பழைய ஷூ ஒன்றுக்குள் வைத்து, அதன்மேல் காலுறையைத் திணித்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நின்றிருந்தது. மூச்சு நின்ற மாதிரி இருந்தது. வாட்ச்சுக்கு இல்லை, எனக்கு. மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"கையில கட்டுங்க சார். கை ஆடணும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வரும் விண்ணப்பங்களைத் திரையில் வாசித்து, 'ஏற்கலாம்' அல்லது 'ஏற்கவேண்டாம்' என்று பொத்தானை அமுக்குபவன். நாளெல்லாம் என் உடம்பில் அசைவது வலது கை ஆள்காட்டி விரல். அதுவும் மதியத்துக்கு மேல் மெதுவாகத்தான்.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. வீட்டிலும் முழுக்கை, படுக்கையிலும் முழுக்கை. இடது மணிக்கட்டில் பொக்கிஷம். கூடத்தில் நடக்கும்போதெல்லாம் இடது கையை முன்னும் பின்னும் வீசினேன். மூன்றாவது வீச்சில் மனைவி பார்த்துவிட்டாள்.

"என்னங்க, கைக்கு என்ன?"

"தோள்பட்டை. கொஞ்சம் பிடிப்பு."

"அதுக்கு எதுக்கு முழுக்கை?"

"சூடா இருந்தா நல்லதுன்னு படிச்சேன்."

"படிச்சீங்களா" என்றாள். பத்துப் பதினைந்து வருஷமாகத் தோள்பட்டையோடு குடும்பம் நடத்துகிறவளிடம் நான் தோள்பட்டையைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தேன். அவள் என் பின்னால் வந்து கையைத் தூக்கினாள், முறுக்கினாள், இறக்கினாள். மணிக்கட்டைப் பிடிக்காமல் இருக்க நான் எல்லாத் திசையிலும் நெளிந்தேன்.

"ரொம்பத்தான் இறுகிப்போயிருக்கு. இதை இப்படியே விட்டா ஒரு நாள் சீப்பு பிடிக்க முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"அசைக்கணும். நிறைய அசைக்கணும்."

என் காதில் தேன் பாய்ந்தது. கடைக்காரர் சொன்னதையே வீட்டு டாக்டரும் சொல்கிறார்.

மறுநாளிலிருந்து சிகிச்சை தொடங்கியது. சப்பாத்தி மாவு இடது கையால் பிசைய வேண்டும். ஜன்னல் கண்ணாடிகளை வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். முதலில் கடிகாரச் சுற்றில், பிறகு எதிர்ச் சுற்றில். 'கடிகாரச் சுற்று' என்று அவள் சொன்னபோது சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பரண்மேல் இருந்த பாத்திரங்களை இறக்கித் தேய்த்து மறுபடி ஏற்றினேன். அவள் நாற்காலியில் சாய்ந்து வாரப் பத்திரிகையைப் புரட்டியபடி எண்ணினாள்.

"இன்னும் பத்து தடவை."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே அந்தச் சின்னச் சக்கரம் சுழல்வதை மணிக்கட்டில் உணர்ந்தேன். வாட்ச் ஒரு நொடி பிசகாமல் ஓடியது. வீடு பளபளத்தது. நாட்காட்டியில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு தேதியின் மூலையிலும் பென்சில் புள்ளி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் வாஷிங் மெஷின் நின்றுபோயிற்று.

"என்ன ஆச்சு?"

"தெரியல. பட்டனை அமுக்கினா சத்தமே இல்ல" என்றாள். "வெளியில போட்டு வாங்கலாமா?"

"எதுக்கு வெளியில? நான் துவைக்கிறேன்."

"இடது கையாலயா?"

"அதுக்குத்தானே துவைக்கிறேன்."

வாளியில் துணியை ஊறவைத்து, முக்கி, கசக்கி, பிழிந்து, உதறினேன். உதறுவதுதான் உச்சம். ஒரு படுக்கை விரிப்பை உதறினால் வாட்ச் அரை நாள் ஓடும் என்று என் கணக்கு. சட்டைக் கை முழங்கை வரை நனைந்தது. எனக்கென்ன, முந்நூறு மீட்டர் வரை தண்ணீர் புகாது. வாளியின் ஆழம் ஒன்றரை அடி. பல் டாக்டரிடம் வாய்க்காத வாழ்வு அதற்கு என்னிடம் வாய்த்தது. துணி ஊறும் நேரத்தைக்கூட அந்த வளையத்தைத் திருப்பித்தான் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் குளியலறை வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன அது, 'கிர்'ருனு?"

"எது?"

"இப்பக் கேட்டுச்சே."

"தோள்பட்டைதான்."

அவள் குனிந்து என் தோளில் காது வைத்தாள். நான் அசையவில்லை. வாட்ச்சையும் அசையாதே என்று வேண்டிக்கொண்டேன்.

"எத்தனையோ தோள் பாத்திருக்கேன். 'டக்'குனு கேக்கும், 'மளுக்'குனு கேக்கும். இப்படி 'கிர்'ருனு, எண்ணி எண்ணி, ஒரே பக்கமா திரும்புற தோளைப் பாத்ததில்ல."

"அபூர்வமோ என்னமோ."

"அப்படித்தான் தெரியுது. விடாம துவைங்க."

முப்பதாம் நாள் ஒரு மெக்கானிக் வந்தார். மெஷினைச் சுற்றி வந்து, மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க சார்" என்றார்.

"ஓடலயே" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். "கொண்டுபோய்ப் பாக்கட்டும்" என்றாள் அவள். மூன்று மாடி. பாரம் தூக்கினால் கை நன்றாக அசையும் என்று நானே முன்பக்கம் பிடித்து இறக்கிக் கொடுத்தேன். கீழே வண்டியில் ஏற்றியபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடது கையை நீட்டியிருக்கலாமே என்று பிறகு தோன்றியது.

அதன்பிறகு ஒன்றைக் கவனித்தேன். வாரத்தில் மூன்று நாள் அவள் மாலையில் தலை ஈரமாக வீடு திரும்பினாள். நான் கேட்கவில்லை. சட்டைக் கைக்குள் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டிருப்பவன் அடுத்தவர் தலையை ஆராயக்கூடாது.

நாற்பது, ஐம்பது, எழுபது. எண்பத்தெட்டாம் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எண்பத்தொன்பதாம் நாள் வீட்டில் இருந்த எல்லாத் திரைச்சீலைகளையும் துவைத்துவிட்டேன், சும்மா இருக்க முடியாமல். தொண்ணூறாம் நாள் கடை மூடும் மணியைக் கடிகாரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் தாண்டிற்று. குளியலறையில் தனியாக இரண்டு நிமிஷம் ஆடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் நாள் காலை. அவள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்று இடது சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக மடித்தேன். நீல முகம் வெயிலில் மின்னியது.

"இது என்ன தெரியுதா?"

"வாட்ச்."

"எப்ப வாங்கினேன் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரத்துல."

நான் உட்கார்ந்தேன். அவள் எழுந்துபோய் அலமாரியின் மேல்தட்டில், போர்வைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். மூடி கண்ணாடி. உள்ளே ஒரு சின்ன மெத்தை. ஒரு பொத்தானை அமுக்கினாள். மெத்தை மெதுவாகச் சுழலத் தொடங்கியது.

"உங்க கடைக்காரர் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே குடுத்தனுப்பினார். நீங்க மாடியில போன் பேசிட்டிருந்தீங்க. கையில கட்டாத நேரத்துல வாட்ச்சை இதுக்குள்ள மாட்டிட்டா போதுமாம். இதுவே ஆட்டி ஆட்டிச் சாவி குடுத்துடுமாம். ரசீது, வாரண்டி எல்லாம் கூடவே இருந்துச்சு."

"திங்கட்கிழமையா?"

"மாவு பிசைய ஆரம்பிச்சீங்களே, அதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"கல்யாணமான நாள்லேருந்து உங்களை எந்திரிக்க வைக்கப் பாக்கறேன். அந்த வாட்ச் ஒரே நாள்ல எந்திரிக்க வச்சுது. தொழில்ல என்னைவிடக் கெட்டிக்காரங்க கிடைச்சா நான் குறுக்க நிக்கமாட்டேன்."

நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "எதுவா இருந்தாலும் இனிமே இதைத் திருப்பிக் குடுக்க முடியாது. தொண்ணூறு நாள் நேத்தோட முடிஞ்சுபோச்சு."

"அதுக்குத்தான் நானும் காத்திட்டிருந்தேன்."

"நீ எதுக்கு?"

"முன்னாடியே சொல்லியிருந்தா, பயந்துபோய் நீங்களே திருப்பிக் குடுத்திருப்பீங்க. எனக்கு அது வேணும்."

"உனக்கா?"

"நீச்சல் கத்துக்கறேன். இப்ப ஆழமான பக்கம் விடறாங்க. உள்ள எவ்வளவு நேரம் இருக்கேன்னு பாக்க ஒரு வாட்ச் வேண்டியிருக்கு."

ஈரத்தலைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. என் மூளை கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வந்தது.

"சரி, வாஷிங் மெஷின் எப்ப வருது? மெக்கானிக் கொண்டுபோய் ரெண்டு மாசம் ஆச்சு."

"எந்த மெக்கானிக்?"

"நானும் சேர்ந்து இறக்கிக் குடுத்தேனே."

"அவர் மெக்கானிக் இல்லைங்க. வாங்கினவர். நல்லா வச்சிருக்கீங்கன்னு உங்ககிட்டயே சொன்னாரே. ஒருத்தர் பயன்படுத்தினதுதான் உறுதியா இருக்கும்னு அவரும் உங்களை மாதிரியே நம்புறவர். நீச்சல் வகுப்புக்கு அதுலதான் கட்டினேன்."

"ஓடாத மெஷினையா வாங்கினார்?"

"பின்னாடி பிளக்கைச் சொருகினா ஓடும்."

அவள் கையை நீட்டினாள். நோயாளியிடம் நீட்டுவதுபோல, பொறுமையாக. நான் கொக்கியை விடுவித்தேன். என் மணிக்கட்டில் பட்டை அழுத்திய ஒரு வளையம் இருந்தது, தொண்ணூறு நாள் பதிந்தது. அவள் கையில் அது என் கையில் இருந்ததைவிடப் பொருத்தமாக உட்கார்ந்தது. வளையத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். கிர், கிர்.

"உங்க தோள் சத்தம்" என்றாள்.

"மத்த நாள் நான் கட்டிக்கலாமா?"

"மத்த நாள்தான் பெட்டி இருக்கே."

கடிகாரம் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் தண்ணீரில் இறங்குகிறது. நான் தினமும்.