பத்து மேற்கோளும் குளியலறைக் கதவும்

வாழ்க அவள்! நீலப் பேனா ஏந்திய நெடுங்கையாள், மூன்றாம் முறை கூப்பிட்டால் மட்டுமே திரும்பும் செவியாள், சென்ற ஆண்டு இலக்கியத் தாளில் முப்பத்தேழு மதிப்பெண் பெற்று மூன்றே மதிப்பெண்ணில் மண்ணைக் கவ்வியும் மீண்டெழுந்தவள், வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் பெருந்தொழிலோன் பெற்ற மூத்த மகள்; அவள் பழம்பெரும் நாடகமொன்றின் பத்து மேற்கோள்களோடு பதினைந்து நாள் பொருத போரை உரைக்கப் புகுந்தேன், கேட்பவர் கொட்டாவியை அடக்கிக்கொள்வீராக. நர்ஸிங் கல்லூரியில் அவளுக்கென்று ஓரிடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்தத் தாளில் நாற்பது வந்தால் அது அவளுக்கு. முப்பத்தொன்பது வந்தால் வேறொருத்திக்கு. இன்னொரு வாய்ப்பு கிடையாது.

பத்து வரிதானே என்று பகையை எள்ளி நகையாடாதீர். வரி ஒவ்வொன்றையும் சூழ்ந்து யார் கூறியது, யாரிடம் கூறியது, எப்போது கூறியது என மும்மூன்று காவலர் நின்றனர். வரியைப் பிடித்தால் ஆள் நழுவுவான், ஆளைப் பிடித்தால் காட்சி நழுவும். முடிமன்னனும் மதியமைச்சனும் அரசியும் படைத்தலைவனும் அவள் காதுக்கு ஒரே ஆள் போலப் பேசி, அவளுக்குத் தண்ணி காட்டினார்கள். இத்தனை பேரையும் பேசவிட்டுப் போய்ச் சேர்ந்த நாடகாசிரியரை அவள் திட்டாத நாளே இல்லை.

அப்போதுதான் அவள் சிந்தையில் உதித்தது அந்த மாபெரும் வியூகம்! கத்தரிக்கோலைக் கைக்கொண்டாள், பழைய காலண்டர் தாள்களின் வெண்முதுகு கிழிய வெட்டினாள், பத்து வரிகளையும் பத்துத் துண்டில் தீட்டி வீடெங்கும் வெற்றிக்கொடி போல ஒட்டினாள். அமைச்சன் கூற்று குளியலறைக் கதவில், அரசி கூற்று வாசற்கதவில், படைத்தலைவன் கூற்று ஃப்ரிட்ஜில். துண்டு சிறியது, அவள் எழுத்தோ பெரியது. ஆகவே சொன்னவர் பெயரை எழுதாமல் விட்டாள். அதெல்லாம் தெரிந்ததுதானே என்று நினைத்தாள், பாவம்.

ஒட்டிய ஆயுதங்களை அந்த வீட்டார் சும்மா விடுவார்களா? மறுநாட்காலை, குளியலறையுள்ளே அரைமணி நேரமாகத் தங்கை கோலோச்சிக்கொண்டிருக்க, தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக வெளியே தவமிருந்த தந்தையார், கண்ணெதிரே இருந்ததைக் கண்டு, மாடிவீடு அதிர முழங்கினார்:

"கதவைத் தட்டுபவன் பகைவனெனில் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான்!"

அன்று தொடங்கிற்று. வீட்டிலேயே தையல் தைக்கும் தாயார், அழைப்பு வந்து டூல்பையோடு தந்தை புறப்படும்போதெல்லாம், வாசற்கதவைப் பார்த்து, "நீர் வெல்லும் நாடு எனக்கெதற்கு? திரும்பும் வேளையைச் சொல்லிவிட்டுப் போம்" என்று மிஷினை மிதித்துக்கொண்டே ஆணையிட்டார். ஃப்ரிட்ஜை மறித்து நின்றவரையெல்லாம் தங்கை, "பசித்த படைக்கு வரலாறு சொல்லாதே, வழியை விடு" என்று விலக்கினாள். ஒரே வாரத்தில் மூவருக்கும் பத்தும் தலைகீழ்ப் பாடம். நம் வீராங்கனைக்கும் கேட்டுக் கேட்டே மனப்பாடமாயிற்று. புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தாள், அதுதான் வினை.

தேர்வு நாள் காலை, உதட்டில் நான்கு குண்டூசியைக் கவ்வியபடி தாயார் ஒப்புவிக்கச் சொன்னார். பத்தையும் அவள் தங்குதடையின்றிப் பொழிந்தாள். கதவு வரியைச் சொன்னது யார் என்று தாயார் கேட்டார்.

"அப்பா."

தாயார் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். "நாடகத்துல யாருடி?"

அவள் விழித்தாள். தாயாரும் நாடகத்தைப் படித்தவரல்லர், அவரும் விழித்தார். புத்தகத்தைப் புரட்ட நேரமில்லை, பஸ் வந்துவிடும். இந்த முறையும் போச்சு என்று முனகியபடி அவள் செருப்பை மாட்டினாள். தாயார் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார்.

தேர்வுக்கூடம் என்னும் செருக்களத்தே, வினாத்தாள் விரிந்தது. நான்காம் வினாவாய், முன்னணியிலேயே, மார்தட்டி நின்றது அந்தக் கதவு! ஐந்தாம் வினாவாய், திரும்பும் வேளை! அமைச்சனோ படைத்தலைவனோ எவனாயினும் வருகவென்று அவள் நெஞ்சின் கோட்டைகளையெல்லாம் திறந்து பார்க்க, எல்லா வாயிலிலும் துண்டும் சோப்புப் பெட்டியுமாக அவள் தந்தையே நின்றார். கால்மணி நேரம் பேனா மூடியைக் கடித்தாள். வேறு வழியில்லாமல், அந்த மனிதரையே உற்றுப் பார்த்தாள். அப்பா எதற்காக அப்படிக் கத்தினார்? அவர் வெளியே, உள்ளே ஒருத்தி தாழிட்டுக்கொண்டாள், அவளுக்கு நல்லதை நினைப்பவர்தான், ஆனால் பொறுமை போய்விட்டது. அப்படியானால் நாடகத்தில் தாழிட்டுக்கொண்டது யார்? தோற்றுவிட்டோமென்று பயந்து மூன்றாம் அங்கத்தில் அறைக்குள் ஒளிந்த மன்னன்! வெளியே நின்றவன் அமைச்சன்! அம்மா வாசலில் கேட்டதை அரசி போர்க்களம் புறப்படுபவனிடம் கேட்டாள்! மடை உடைத்த வெள்ளம் போல எழுதினாள். கூடுதல் தாள் கேட்டு எழுந்தாள். கண்காணிப்பாளரே ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார்.

மணியடித்து, தாளைக் கொடுத்து, படியிறங்கும்போதுதான் நினைவு வந்தது. நான்காம் வினாவின் விளக்கம் முழுவதும் அமைச்சன் அமைச்சன் என்று எழுதியவள், தலைப்பில், 'கூறியவர்' என்பதற்கு எதிரே, 'அப்பா' என்று எழுதியிருந்தாள். பிறகு ஒரு மாதம் அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டாள், கதவில் இருந்ததைத் தவிர. அதைத் தொடவே பயமாயிருந்தது.

முடிவு வந்தது. அந்த அப்பாவுக்காக எத்தனை மதிப்பெண்ணை வெட்டினார்களோ, யாரறிவார், மிஞ்சியது நாற்பது! நாற்பதே நாற்பது! ஃபோனை ஏந்தி, அறைகள் மூன்றையும் ஓரெட்டில் கடந்து, தாயாரையும் தங்கையையும் தாண்டி, முதலில் யாரிடம் சொல்லவேண்டுமோ அவரைத் தேடி, தாழிட்ட குளியலறைக் கதவின் முன் மூச்சிரைக்க நின்று, இரு கையாலும் இடித்து அவள் முழங்கினாள்:

"கதவைத் தட்டுபவன் பகைவனெனில் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான்! அப்பா, நான் பாஸ்!"

உள்ளே தண்ணீர் நின்றது. பிறகு, தலையில் சோப்பு இருக்கு, அஞ்சு நிமிஷம் இரும்மா என்று அப்பா சொன்னார்.