ஆட்டுத் திருட்டுக்கு ஒரு நிபுணர்

வாழ்க்கையில் நான் ஒரே ஒருவரைத்தான் காட்டிக்கொடுத்திருக்கிறேன். அதையும் பட்டப்பகலில், அய்யா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்க, லேப்டாப்பில் செய்தேன். மாட்டியவர் எனக்குத் தாய்மாமன் முறை. (செய்த காரியத்துக்கு இன்னும் எனக்குச் சோறு போட்டு வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்றால் அது அவர்கள் பெருந்தன்மை.)

அப்போது நான் குற்றவியலில் முனைவர் பட்டத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் சாயல்குடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. "என்னத்தா படிக்கிற?" என்று கேட்பவர்களிடம் "குற்றவியல்" என்பேன். "போலீசு வேலையா?" என்பார்கள். இல்லை என்றால் "அப்ப வக்கீலா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மாப்பிள்ளை விஷயம் பேசப் போய்விடுவார்கள்.

என் ஆய்வு ஆட்டுத் திருட்டைப் பற்றியது. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் சில ஊர்களில் ஆடு காணாமல் போனால் முதலில் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார்கள், துப்புக்காரரிடம் போவார்கள். அவர் திருடர் அல்ல, ஆனால் திருடர் யார் என்று அவருக்குத் தெரியும். "மூணு நாளு பொறு" என்பார். நாலாம் நாள் கருவேலங்காட்டு ஓரமாக ஆடு அது பாட்டுக்கு நின்று மேய்ந்துகொண்டிருக்கும். யார் கொண்டுவந்து விட்டது என்று ஆட்டுக்காரர் கேட்கமாட்டார். துப்புக்காரருக்கு ஏதோ கொஞ்சம் கூலி கிடைக்கும். விவகாரம் அத்தோடு முடிந்தது.

அப்படி ஒரு துப்புக்காரர்தான் சோலை மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். ஆறு மாதம் அவர் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக அலைந்தேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு வாயைத் திறந்தார்.

"தாயி, எம்பேரு மட்டும் வெளிய வரக்கூடாது. ஸ்டேஷனுக்குத் தெரிஞ்சா என்னய விசாரிப்பாக. களவாணிப் பயலுகளுக்குத் தெரிஞ்சா, இவன் நம்மளக் காட்டிக்கொடுத்துட்டான்னு நெனப்பாய்ங்க. எனக்கு ரெண்டு பக்கமும் போச்சு."

"சத்தியமா வராது மாமா" என்று கருப்பசாமி கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையடித்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டுரையாவது நல்ல ஜர்னலில் வந்தாக வேண்டும் என்பது விதி. எனக்கு ஏற்கெனவே இரண்டு ஜர்னல்கள் கதவைச் சாத்தியிருந்தன. அதில் ஒன்று, நான் அனுப்பிவிட்டு டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் திருப்பி அனுப்பிவிட்டது. (அவ்வளவு வேகமாக யாரும் வாசிக்க முடியாது. தலைப்பைப் பார்த்திருப்பார்கள்.) மூன்றாவதாக ஒரு பெரிய ஜர்னலைப் பிடித்து, அய்யாவின் போனிலிருந்து நெட் வாங்கி, ஒரு காலை நேரத்தில் உட்கார்ந்தேன்.

கட்டுரையை மதிப்பிடுகிறவருக்கு எழுதியது யார் என்று தெரியக்கூடாதாம். அதனால் என் பெயரை மூலைமுடுக்கெல்லாம் தேடி அழித்தேன். மாமாவின் பெயரை எடுத்துவிட்டுப் பொய்ப்பெயர் வைத்தேன். ஊர்ப் பெயர்களையும் மாற்றினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே புல்லரித்தது. கடைசிப் பக்கத்தில்தான் வந்தது வினை. 'இந்தத் துறையில் ஆழ்ந்த அறிவுள்ள, கட்டுரையை மதிப்பிடத் தகுந்த மூன்று நிபுணர்களின் பெயரையும் மின்னஞ்சலையும் தரவும்' என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பேராசிரியர்களை இணையத்தில் பிடித்துப் போட்டேன். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் சப்மிட் பட்டன் அசையமாட்டேன் என்றது.

"என்னத்தா, மூஞ்சி இப்பிடித் தொங்குது?" என்றார் அய்யா.

"ஆட்டுத் திருட்டப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஆளு இன்னொருத்தரு வேணுமாம்யா."

அய்யா கடலைத் தொலியை ஊதிவிட்டுச் சொன்னார். "இதுக்குப் போயி ரோசன பண்ணிக்கிட்டு இருக்கியாக்கும்! நம்ம சோலை மாப்ளயப் போடு. அவனுக்கு மேல தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது."

இந்த இடத்தில் அறிவுள்ள பெண் என்ன செய்திருப்பாள்? சிரித்திருப்பாள். நான் யோசித்தேன். அய்யா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! அதுவும் போக, அந்தக் கட்டம் எப்படியாவது நிரம்பினால் போதும், அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மாமாவுக்கு விவசாயிகள் திட்டத்துக்காக நானே உண்டாக்கிக் கொடுத்த மின்னஞ்சல் ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். பதவி என்ற இடத்தில் 'சுயேச்சை ஆலோசகர்' என்று அடித்தேன். அனுபவம், நாற்பது ஆண்டுகள். 'இவருக்கும் ஆய்வுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்ற கட்டத்தில் டிக்கும் அடித்தேன். பட்டன் அசைந்தது. அய்யாவும் நானும் வறுத்த கடலை தின்று கொண்டாடினோம்.

பேராசிரியர்கள் இருவருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. பத்து நாள் கழித்து ஜர்னல் நேராக மாமாவுக்கே மெயில் அனுப்பிவிட்டது.

பட்டா நகல் வாங்க இ-சேவை மையத்துக்குப் போயிருந்தார் மாமா. போன் டிங் என்றிருக்கிறது. இங்கிலீஷில் இருக்கவே, "என்னன்னு பாரும்மா" என்று அங்கிருந்த பெண்ணிடம் நீட்டியிருக்கிறார். அது நல்ல பிள்ளை. கூட்டம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, வரிவரியாகத் தமிழ்ப்படுத்திச் சொல்லியிருக்கிறது.

"மதிப்பிற்குரிய சோலையப்பன் அவர்களே, ஆட்டுத் திருட்டுத் துறையில் தங்களது நாற்பது ஆண்டு அனுபவத்தைக் கருத்தில்கொண்டு..."

வரிசையில் மாமாவுக்குப் பின்னால் நின்றவர், மகனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வந்திருந்த ஸ்டேஷன் ஏட்டு.

உச்சி வெயிலில் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அந்த மெயிலின் பிரிண்ட் அவுட். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கருப்பன் பேருல சத்தியம் பண்ணுனியே தாயி" என்றார். அவ்வளவுதான்.

நான் ஓவென்று அழுதேன். அய்யா மெதுவாக எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பினார். "நில்லுங்க மச்சான். இதுல ஒங்க கையும் இருக்கும்" என்றார் மாமா. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாப்ள" என்று அய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். (மாடு அன்றைக்கு மாலைவரை தாகத்தோடு கிடந்தது.)

அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மாமா துண்டால் வாயைத் துடைத்தார். பிறகு, "சரி, அப்பிடி என்னதான் எழுதிக் கிழிச்சிருக்க? வாசி, கேப்போம்" என்றார்.

விசும்பிக்கொண்டே தமிழில் சொல்லச்சொல்லக் கேட்டார். "பேரம் முடிவதற்காகவே மூன்று நாள் அவகாசம் கேட்கப்படுகிறது" என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"தப்பு. பேரம் அர மணி நேரத்துல முடிஞ்சிரும். மூணு நாளு எதுக்குன்னா, ஆட்டுக்காரன் அருவாளக் கீழ வைக்கிறதுக்கு. அன்னைக்கே ஆளக் காட்டுனா கொல விழுந்துரும்த்தா. என் வேலையே அதத் தடுக்குறதுதான்."

என் அழுகை நின்றுவிட்டது. ஆறு மாதம் கூடவே அலைந்தும் எனக்கு அது புரியவில்லை. நாம் மூன்று வருடம் என்னத்தைப் படித்தோம் என்று இருந்தது.

அன்றைக்கே ஜர்னல் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ஆய்வு நெறி என்றால் என்ன என்று ஒரு முழுப் பக்கம் வகுப்பும் எடுத்திருந்தார். என் கைடு மேடத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். "சாட்சியையே ஜட்ஜா போட்டிருக்கியேம்மா" என்றார். கெஞ்சிக் கூத்தாடி ஆறு மாதம் அவகாசம் வாங்கினேன்.

அந்த ஆறு மாதமும் மாமா துப்புக்குப் போகவில்லை. எவனும் அவரிடம் வரவும் இல்லை. ஏட்டு மட்டும் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம், "என்ன ஆலோசகரே, சௌக்கியமா?" என்று கேட்டார். என்னைக் கண்டால் மாமா எதிர்ப்பக்கம் போய்விடுவார். மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அக்கம்பக்கத்து ஊர்த் துப்புக்காரர்கள் இருவரிடமும் பேசிவிட்டு, கட்டுரையைத் தலைகீழாக மாற்றி எழுதினேன். மாமா சொன்னதை வைத்தே அதன் மையத்தை அமைத்தேன். வேறொரு ஜர்னல் ஏற்றுக்கொண்டது. வெளிவந்ததும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பயந்து பயந்து மாமா வீட்டுக்குப் போனேன்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?" என்றார்.

"இங்கன மாமா. 'தகவலாளர் மூணு'ன்னு இருக்குல்ல, அது நீங்கதான். பேரு, ஊரு, வயசு எல்லாத்தையும் மாத்திட்டேன். இனிமே ஒங்கள யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"யாராலயுமா?"

"சத்தியமா யாராலயும் முடியாது மாமா."

மாமாவின் முகம் வாடிவிட்டது. அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

சாயங்காலம் அய்யா ஓடிவந்தார். "ஏத்தா, ஒங்க மாமன் டீக்கடையில உக்காந்து, 'இந்த மூணு நான்தேன், கொல விழாமத் தடுக்குறவன்னு போட்டிருக்கு பாருங்க'ன்னு வாரவன் போறவனுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கான். ஏட்டு வேற கண்ணாடியப் போட்டு வாசிச்சுக்கிட்டு இருக்காரு!"

அன்றிலிருந்து மாமாவுக்குச் சோலையப்பன் என்ற பெயர் போய்விட்டது. ஊருக்கே அவர் மூணாம் நம்பர். பேத்தி காதுகுத்துப் பத்திரிகையில்கூட 'சோலையப்பன் (தகவலாளர் 3)' என்றுதான் போட்டார். துப்புக்கும் மறுபடி ஆள் வர ஆரம்பித்துவிட்டது.

இப்போது எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், பந்தியில் என் பக்கத்து இலையைப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறார். ரசம் வரும்வரை பொறுத்திருந்து என் காதோரம் குனிவார். அய்யா உள்பட அந்த வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளும்.

"தாயி, நம்மளுக்குள்ள இருக்கட்டும். அந்த ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் யாருன்னு மட்டும் மாமாட்டச் சொல்லிரு."

நான் குனிந்த தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.