பன்னிரண்டு எலிகளும் சௌக்கியம்

எலிகள் சாகாததால் ஆய்வு மாணவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவை சாதாரண எலிகள் அல்ல. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் பாய்ந்து போய் விழுங்கும் ஒரு வகை வெள்ளணு உண்டு. அந்த அணுவுக்குத் தெம்பு தரும் மரபணுவைக் கருவிலேயே நீக்கிப் பிறக்கவைத்த எலிகள். வயிற்றுக் கிருமியைக் கொடுத்தால் ஐந்தாம் நாள் சுருண்டு விழ வேண்டும். விழுந்தால், அந்த மரபணு இல்லாமல் அணு வேலை செய்யாது என்று நிரூபணம் ஆகும். அவளுக்குப் பட்டம் கிடைக்கும். இன்று பத்தாம் நாள். பன்னிரண்டும் தீனியைக் கொறித்துக்கொண்டிருந்தன.

"எலியெல்லாம் எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"நல்லா இருக்கு."

"அதுக்கா அழுதுட்டு இருக்கே?"

"அதுக்குத்தான்."

அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். கல்யாணமான மூன்று வருஷத்தில், எலி விஷயத்தில் வாய் கொடுத்தால் மீளமுடியாது என்று கற்றிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில் அவளுடைய பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மரபணு நீங்கியிருக்காது. வால் நுனியை எடுத்து மறுபடி சோதிச்சுப் பாரு."

சோதித்தாள். பன்னிரண்டிலும் அந்த மரபணு சுத்தமாக இல்லை.

"அப்ப கிருமி சரியில்லை. புதுசா வளத்து இரண்டு மடங்கு கொடு."

கொடுத்தாள். எலிகள் ஒரு நாள் கொஞ்சம் சோர்ந்திருந்தன. மறுநாள் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்தன. வாரக் கடைசியில் எடை போட்டபோது தலைக்கு இரண்டு கிராம் கூடியிருந்தது. பக்கத்துக் கூண்டின் சாதாரண எலிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கூண்டைச் சுத்தம் செய்து தீனியும் தண்ணீரும் வைக்கும் அக்கா மட்டும், "என்ன லட்சணமா இருக்குங்க பாருங்கம்மா" என்று பூரித்துப் போனார்.

"மூணு மடங்கு," என்றார் பேராசிரியர்.

மூன்று மடங்கு கொடுக்கும் அவசரத்தில் தன் கையுறை கிழிந்ததை மாணவி கவனிக்கவில்லை. எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எடைக் கணக்கைப் பேராசிரியர் ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில், கல்யாண மாப்பிள்ளைக்கு வரும் களை வந்தது.

"எலி தப்பு பண்ணலைம்மா. நாமதான் தப்பா நினைச்சிட்டோம். அந்த அணு உடம்புக்குத் தேவையே இல்லை. இத்தனை வருஷமா உலகமே ஏமாந்திருக்கு."

"சார், எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமே."

"மூணு தடவை பாத்தாச்சு. இன்னும் என்ன, எலி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணுமா?"

இதை அறிவிக்க அவர் மாநாட்டுக்கு விமானம் ஏறிய அன்று மாலை அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. எல்லா மரபணுவும் ஒழுங்காக இருந்த அவள் நாலு நாள் மருத்துவமனையில் கிடந்தாள். "வெள்ளணுவே வேலை செய்யாத எலி சாகலை, உனக்கு என்ன கேடு?" என்று வீட்டுக்காரர் ஆறுதலாகக் கேட்டார்.

ஐந்தாம் நாளும் அவள் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபோது பேராசிரியர் போனில் வந்தார்.

"ஹால் முழுக்க எழுந்து நின்னு கை தட்டினாங்கம்மா. பாடப் புத்தகத்தையே திருத்தணும்னு தலைவர் மேடையிலேயே சொல்லிட்டார். உன் பேரையும் சொன்னேன். பட்டம் இனி உன் வீடு தேடி வரும்."

போனை வைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. ஐந்து வருஷ உழைப்பு. வயிற்றுவலிகூட மறந்துபோனது. எழுந்து உட்கார்ந்து, கஞ்சி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து எலிக்கூண்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இப்படி வாடிப் போயிட்டீங்க? என்ன நோவாம்?"

"எலிக்குக் கொடுத்தேன்ல அக்கா, அதே கிருமிதான். கையில பட்டிருக்கு."

"அட, இவ்வளவுதானா," என்று அக்கா பையைத் துழாவி, பாதி காலியான ஒரு மருந்து பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை வேளைக்கு ஒரு மூடி குடிங்க, ரெண்டே நாள்ல சரியாயிடும். பாவம், அந்த எலிங்க ஒவ்வொரு தடவை பேதியாகிச் சுருண்டப்பவும் இதைத்தான் தண்ணியில கலந்து வெச்சேன், ஒண்ணுகூடச் சாகலையே."